ஃப்ரீ ஆன்லைன் மாநாட்டுல சேரலாமா?

கேள்வி: அரசுப் பள்ளியில ஒம்பதாவதுக்கு சயின்ஸ் எடுக்கறேன். தூரத்துல இருக்கற பசங்களுக்கு சயின்ஸ் நடத்தறது பத்தி ஆசிரியர்களுக்கு ஆன்லைன்ல ஃப்ரீ மாநாடுன்னு குரூப்ல லிங்க் வந்துச்சு. ஸ்கூல்தான் தொறந்திருக்கே, இது இன்னும் தேவையா?
– ஓர் ஆசிரியை, திண்டுக்கல் மாவட்டம்

பதில்: தேவைதான் டீச்சர், சேந்துடுங்க. மழைக்கு லீவு விடறாங்க, உடம்பு முடியாம மாசக்கணக்குல வீட்ல இருக்கற பிள்ளைங்க இருக்கு, லேப்பே இல்லாத ஸ்கூலும் இருக்கு. ஆனா யார் பேசறாங்கங்கறதை விட பசங்க கையால செய்யற மாதிரி ஏதாவது சொல்லித் தர்றாங்களான்னு நிகழ்ச்சி நிரலைப் பாருங்க, ஏன்னா 2020ல ஸ்கூலை மூடினப்போ நிறைய இடத்துல பசங்க ஸ்கிரீனைப் பாத்துட்டே இருந்தாங்க, ஒண்ணையும் அளந்து பாக்கலை, அது எனக்கு இன்னிக்கும் வருத்தம்தான்.

ஊசல் பாடத்தையே எடுத்துக்குங்க. நூல்ல ஒரு கல்லைக் கட்டி, கல்லோட நடு வரைக்கும் 1 மீட்டர் வர்ற மாதிரி தொங்கவிட்டு லேசா ஆட்டினா 10 அலைவுக்கு (ஒரு தடவை போய்த் திரும்பி வந்தா ஒரு அலைவு) கிட்டத்தட்ட 20 செகண்ட் ஆகும், நீளத்தை 25 செ.மீ. ஆக்கினா 10 செகண்ட். இதை வீட்ல செஞ்சு ரீடிங்கை வாட்ஸ்அப்ல அனுப்பச் சொல்லுங்க, யாராவது ஒரு பையன் 18 செகண்ட்னு அனுப்புவான். கல்லை விடும்போதே "ஒண்ணு"ன்னு எண்ண ஆரம்பிச்சிருப்பான், அப்ப அவன் எண்ணினது 9 அலைவுதான். அதை மத்த பசங்களையே கண்டுபிடிக்க விடுங்க, அந்தப் பேச்சுலதான் நிஜமான சயின்ஸ் கிளாஸ் நடக்குது!

இதுக்குத் துணையா ஃபெட் (PhET) சிமுலேஷன் இருக்கு, அதாவது கம்ப்யூட்டர் ஸ்கிரீன்லயே செஞ்சு பாக்கற சோதனைங்க. 2001ல இயற்பியல் நோபல் வாங்கின கார்ல் வீமன், அடுத்த வருஷமே அமெரிக்காவுல கொலராடோ பல்கலைக்கழகத்துல ஆரம்பிச்சது. முழுக்க ஃப்ரீ, நிறைய சிமுலேஷன் தமிழ்லயும் இருக்கு, ஒரு தடவை டவுன்லோட் பண்ணிட்டா நெட் இல்லாமலும் ஓடும். ஊசலும் இருக்கு, அதுல புவியீர்ப்பையே மாத்தி நிலாவுல எப்படி ஆடும்னு காட்டலாம், அதை வீட்ல செய்ய முடியாதில்ல. ஆனா கல்லும் நூலும் முதல்ல, ஸ்கிரீன் அப்புறம், இதுல நான் உறுதியா இருக்கேன்.

மாநாட்டுல கேள்வி நேரம் வந்தா, வீட்டுக்கே ஒரே ஒரு ஃபோன், அதுவும் அப்பா வேலைக்கு எடுத்துட்டுப் போயிடறார், அந்தப் பிள்ளைக்கு என்ன வழின்னு தயங்காம கேளுங்க. ரெக்கார்டிங் தருவாங்களான்னும் ரிஜிஸ்டர் பண்றப்பவே விசாரிச்சுக்குங்க, நடுவுல கரண்ட் போனாலும் அப்புறம் பாத்துக்கலாம்.