சம்மதப் படிவத்தில் கையெழுத்துப் போட்ட பிறகும் வழக்கு உண்டா?

கேள்வி: நாங்கள் எடிசனில் வசிக்கிறோம். கல்லூரியில் படிக்கும் என் மகன் நியூ ஜெர்சி டர்ன்பைக் நெடுஞ்சாலையில் வேகமாக ஓட்டியதாக நிறுத்தப்பட்டான். டிக்கியைப் பார்க்கலாமா என்று போலீஸ் கேட்டதும், பயத்தில் சம்மதப் படிவத்தில் கையெழுத்துப் போட்டுவிட்டான். பையில் டாக்டர் சீட்டு இல்லாத மாத்திரைகள் இருந்தன. சம்மதம் கொடுத்தால் முடிந்தது, சுப்ரீம் கோர்ட்டே சொல்லிவிட்டது என்கிறார்கள். வழியே இல்லையா?

பதில்: இருக்கிறது, அம்மா. உங்களிடம் சொன்னவர்கள் வாஷிங்டனில் உள்ள அமெரிக்க உச்ச நீதிமன்றத்தின் தீர்ப்பைச் சொல்கிறார்கள். மறுக்கலாம் என்பது தெரியாமலே ஒருவர் சம்மதித்திருந்தாலும், நிர்ப்பந்தம் இல்லாதவரை அது செல்லும் என்று 1973-ல் தீர்ப்பானது. ஆனால் அது நாடு முழுவதற்குமான குறைந்தபட்சப் பாதுகாப்பு. மாநில நீதிமன்றம் தன் அரசியலமைப்பின்படி அதைவிடக் கூடுதலாகத் தரலாம்.

நியூ ஜெர்சி தந்திருக்கிறது. மறுக்கும் உரிமை தெரிந்திருக்க வேண்டும் என்று அதன் உச்ச நீதிமன்றம் 1975-ல் ஜான்சன் வழக்கில் சொன்னது. உங்கள் மகன் கையெழுத்திட்ட படிவத்தில் அந்த உரிமை எழுதியிருந்தால், அந்த வாதம் அநேகமாக எடுபடாது. உங்களுக்குக் கைகொடுப்பது 2002-ன் கார்ட்டி தீர்ப்பு: சாலையில் நிறுத்திய வண்டியைச் சோதிக்கச் சம்மதம் கேட்பதற்கே, குற்றம் நடந்திருக்கலாம் என்ற நியாயமான சந்தேகம் முன்கூட்டியே இருக்க வேண்டும். நடுரோட்டில் போலீஸ் முன்னால் நிற்பவரால் மனதார மறுக்க முடியாது என்பதை நீதிபதிகள் உணர்ந்து எழுதிய தீர்ப்பு அது. வேகமாக ஓட்டியது மட்டும் அந்தச் சந்தேகத்துக்குப் போதாது.

சோதனை பற்றி அமெரிக்க அரசியலமைப்பும் நியூ ஜெர்சி அரசியலமைப்பும் சொல்லும் வாசகம் கிட்டத்தட்ட ஒன்றுதான். பொருள் கொள்வதில்தான் வித்தியாசம். டெலவேர் ஆற்றைத் தாண்டினால் பென்சில்வேனியா உச்ச நீதிமன்றம் 1999-ல், உரிமை தெரிந்திருக்க வேண்டியதில்லை என்று வாஷிங்டன் வழியிலேயே போய்விட்டது.

ஆகவே கேட்க வேண்டிய கேள்வி ஒன்றுதான்: படிவத்தை நீட்டும் முன் போலீஸ் எதைக் கண்டது? அறிக்கையில் "பதற்றமாக இருந்தார்" என்று மட்டும் இருந்தால் உங்கள் கை ஓங்கும். முரணான பதில் என்று வேறு ஏதாவது எழுதியிருந்தால் வழக்கு கடினம். கேமரா பதிவை உடனே கேட்டு வாங்கச் சொல்லுங்கள். அந்த மாத்திரைகளைச் சாட்சியத்திலிருந்து விலக்கக் கோரும் மனுவுக்குக் காலக்கெடு உண்டு. அதில் மாநில அரசியலமைப்பின் முதல் பிரிவு, 7-ஆம் பத்தியைப் பெயர் சொல்லிக் குறிப்பிட வேண்டும். தீர்ப்பு தெளிவாக அதன்மேல் மட்டும் நின்றால், அமெரிக்க உச்ச நீதிமன்றமே 1983-ல் தீர்த்த லாங் வழக்குப்படி வாஷிங்டன் அதில் தலையிடாது.

மகன் குடியுரிமை பெறாதவர் என்றால், சிறிய தண்டனைதானே என்று குற்றத்தை ஒப்புக்கொள்ள வைக்காதீர்கள். போதைமருந்துச் சட்டத்தில் வரும் தண்டனை விசாவையே பறித்துவிடும். குடிவரவு வழக்கறிஞரையும் பார்த்த பிறகே எதிலும் கையெழுத்துப் போடட்டும்.