ஒன்பது மணிக்கும் பத்து மணிக்கும் நடுவில்: வேட்பு மனு சந்தேகங்கள்

மலேசியாவில் தேர்தல் நெருங்கினால் எனக்கு வரும் கேள்விகளில் பாதி வேட்பு மனுவைப் பற்றித்தான். இந்த வாரம் நான்கு.

கே: என்னை முன்மொழிய ஒத்துக்கொண்ட அண்ணன் செந்தூலிலிருந்து கெப்போங்குக்கு மாறிவிட்டார், ஐசியிலும் (அடையாள அட்டை) முகவரி மாற்றியாயிற்று. கோலாலம்பூரின் பத்து (Batu) தொகுதியில் அவர் கையெழுத்து செல்லுமா?

முன்மொழிபவரும் வழிமொழிபவரும் அந்தத் தொகுதியின் வாக்காளராக இருக்க வேண்டும். பார்ப்பது ஐசியை அல்ல, வாக்காளர் பட்டியலை. அவர் பெயர் இன்னும் பத்துவில் இருந்தால் செல்லும். தேர்தல் ஆணையத்தின் வாக்காளர் சரிபார்ப்புத் தளமான மைஎஸ்பிஆர் செமாக்கில் இன்றே தட்டிப் பாருங்கள். மனு வாங்கும் நேரம் காலை 9 முதல் 10 வரைதான். ஒருமுறை 9.30 ஆகும்போது, வழிமொழிய வந்தவர் பக்கத்துத் தொகுதிக்காரர் என்று தெரிந்தது. வேட்பாளரின் அத்தை மகனைத் தூக்கத்திலிருந்து எழுப்பினார்கள். கைலியோடு மோட்டாரில் வந்து இறங்கினார். யாருடைய பேண்டையோ மாட்டி உள்ளே அனுப்பினோம்.

கே: பழைய வழக்கில் சரியாக 2,000 ரிங்கிட் அபராதம். அதற்கு மேல் போனால்தானே தேர்தலில் நிற்கத் தடை?

இல்லை. கூட்டரசு அரசியலமைப்பின் 48ஆவது பிரிவு சொல்வது '2,000 ரிங்கிட்டுக்குக் குறையாத அபராதம்'. சரியாக 2,000 என்றாலும் சிக்கல்தான். அபராதம் விதித்த நாளிலிருந்து 5 ஆண்டு கழிந்தால் தடை நீங்கும், ஆகவே தீர்ப்புத் தேதியைப் பாருங்கள். "மேல்முறையீடு போட்டிருக்கிறேனே" என்பார்கள். பதவியில் இருக்கும் எம்.பி.க்கு மேல்முறையீடு முடியும்வரை பதவி தங்கும். புதிதாக மனுப் போடுகிறவருக்கு அந்தச் சலுகை கிடையாது. பலர் இடறுவது இங்கேதான்.

2018 ஏப்ரல் 28 அன்று பத்துவில், அங்கே எம்.பி.யாக இருந்த தியான் சுவாவின் மனுவை நிராகரித்ததும் இந்த 2,000 ரிங்கிட்டை வைத்துத்தான். அவர் பிறகு சுயேச்சையாக நின்ற 22 வயது பிரபாகரனை ஆதரித்தார். பிரபாகரன் எம்.பி. ஆனார்.

கே: தேர்தல் அதிகாரி அநியாயமாக நிராகரித்தால், அன்றே நீதிமன்றம் போய்த் தேர்தலை நிறுத்த முடியாதா?

முடியும் என்று நம்பிக் காசைக் கொட்டாதீர்கள். அரசியலமைப்பின் 118ஆவது பிரிவின்படி தேர்தலை எதிர்க்க ஒரே வழி, உயர் நீதிமன்றத்தில் தேர்தல் மனு. அதுவும் முடிவு அரசாங்கப் பதிவேட்டில் வெளியான 21 நாளுக்குள். ஒரு நாள் தாமதித்தாலும் கதவு மூடிவிடும்.

அதே 2018 தேர்தலில் நெகிரி செம்பிலானின் ரந்தாவ் சட்டமன்றத் தொகுதியில் நடந்த கதையைக் கேளுங்கள். தேர்தல் ஆணையத்தின் பாஸ் இல்லை என்று வேட்பாளராக நிற்க வந்த டாக்டர் ஸ்ரீராமை மனு மையத்துக்குள் விடவில்லை. அன்றைய மந்திரி பெசார் (மாநில முதல்வர்) முகமட் ஹசான் போட்டியின்றி வென்றார். அதே ஆண்டு நவம்பரில் நீதிமன்றம் தேர்தலை ரத்து செய்தது, 2019 பிப்ரவரியில் கூட்டரசு நீதிமன்றமும் அதை உறுதி செய்தது. இடைத்தேர்தல் நடந்தது ஏப்ரல் 13. வாசலில் தடுத்த நாளிலிருந்து ஒரு வருடத்துக்கு இரண்டே வாரம் குறைவு! அதிலும் முகமட் ஹசானே 4,510 வாக்கு வித்தியாசத்தில் ஜெயித்தார். ஸ்ரீராமுக்குச் சட்டம் நியாயம் செய்தது, தொகுதி கிடைக்கவில்லை.

கே: டெபாசிட் எவ்வளவு? (பட்டர்வொர்த்திலிருந்து ஒரு வாசகர்)

நாடாளுமன்றத்துக்கு 10,000 ரிங்கிட், சட்டமன்றத்துக்கு 5,000. பதிவான வாக்கில் எட்டில் ஒரு பங்கு எடுக்காவிட்டால் அது திரும்பாது. பதாகைகளை அகற்றும் வைப்புத் தொகை தனி.