அபினியிலிருந்து வரும் வலிமருந்துகளான கோடீனும் மார்ஃபினும் ஏறக்குறைய ஒரே மூலக்கூறு என்கிறார்கள். பிறகு ஏன் ஒன்று வலிக்குக் கேட்கிறது, இன்னொன்று கேட்கவில்லை?

உங்கள் வீட்டில் யாருக்கோ கோடீன் கொடுத்தும் வலி அடங்கவில்லை, அதனால்தான் கேட்கிறீர்கள் என்று நினைக்கிறேன். நான் டாக்டர் இல்லை, கல்லூரியில் கரிம வேதியியல் நடத்துகிறேன். மருந்தளவு பற்றி ஒரு வார்த்தையும் சொல்லமாட்டேன்.

அப்பாவுக்குப் புற்றுநோய் முதுகெலும்புவரை பரவியிருந்தது. கோடீன் மாத்திரை போட்டும் படுக்கமுடியாது. கட்டிலில் உட்கார்ந்து, மடியில் தலையணையை வைத்து அதன்மேல் கவிழ்ந்தபடியே விடிய விடிய இருப்பார். "வேளாவேளைக்குக் கொடுக்கறீங்களா?" என்று சொந்தக்காரர்கள் அம்மாவைக் கேட்டதுதான் இன்னும் வலிக்கிறது. அம்மா ஒருவேளைகூடத் தவறவிட்டதில்லை.

மார்ஃபினின் மூன்றாம் கார்பனில் ஒரு ஹைட்ராக்சில் (ஆக்சிஜனும் ஹைட்ரஜனும் சேர்ந்த தொகுதி) இருக்கிறது. இந்த மருந்துகள் போய் ஒட்டி வலியை அடக்கும் புரதம் மியூ ஏற்பி; மூளையிலும் தண்டுவடத்திலும் உள்ள அதை இறுகப் பற்ற அந்த ஹைட்ராக்சில் வேண்டும். கோடீனில் அந்த ஆக்சிஜன்மேல் ஒரு மெத்தில் (ஒரு கார்பன் கொண்ட சிறு தொகுதி), மூடி போட்டதுபோல் உட்கார்ந்திருக்கிறது. வித்தியாசம் அவ்வளவுதான். ஆனால் அதனால் கோடீன் அந்த ஏற்பியில் மிகப் பலவீனமாகவே ஒட்டும். கல்லீரலில் சிஒய்பி2டி6 என்ற நொதி மெத்திலைக் கழற்றி மார்ஃபினாக்கினால்தான் வலி குறையும். சாதாரணமாகவே பத்தில் ஒரு பங்குபோலத்தான் அப்படி மாறும். சிலருக்குப் பிறவியிலேயே இந்த நொதி வேலை செய்யாது. சிலருக்கோ அளவுமீறி வேலை செய்து, உடலில் மார்ஃபின் மிஞ்சிப்போகும். டான்சில் அறுவைக்குப் பிறகு கோடீன் கொடுத்த குழந்தைகள் சிலர் மூச்சடங்கி இறந்ததால், 2013ல் அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு கடும் எச்சரிக்கை விடுத்தது. 2017ல் 12 வயதுக்குக் கீழே கொடுக்கவே கூடாது என்றது.

மூலக்கூறின் இன்னொரு முனையில் நைட்ரஜன். மார்ஃபினைவிட வீரியமான ஆக்சிமார்ஃபோனில், நைட்ரஜன்மேல் இருக்கும் மெத்திலை எடுத்துவிட்டு அல்லைல் (மூன்று கார்பன் தொகுதி) வைத்தால் நலாக்ஸோன். அது ஏற்பியில் போய் உட்காரும், ஆனால் அதை இயக்காது. மார்ஃபினையும் வெளியே தள்ளிவிடும். இந்த வகை மருந்து மிஞ்சி மூச்சு நின்றுபோகிறவரை மீட்பது அதுதான்.

"உங்க அப்பாவுக்கு மரபணுச் சோதனை செஞ்சீங்களா?" என்று யாராவது வருவார்கள். செய்யவில்லை. வேறு காரணமும் இருந்திருக்கலாம். ஆனால் மார்ஃபினுக்கு மாற்றிய அன்றிரவு அப்பா மல்லாந்து படுத்துத் தூங்கியதை நாங்கள் எல்லோரும் பார்த்தோம்.

அப்புறம் அந்த மார்ஃபினை வாங்குவது. அரசு உரிமத்தோடு மத்தியப் பிரதேசத்திலும் ராஜஸ்தானிலும் அபினிச் செடி வளர்க்கும் நாடு இது. வலிநோயாளிக்கு எளிதாகக் கிடைக்கட்டும் என்று 2014ல் போதைமருந்துச் சட்டத்தையும் திருத்தினார்கள். ஆனால் எங்கள் ஊர் மெடிக்கல் எதிலும் இல்லை. சீட்டை நீட்டினால் ஏதோ திருட வந்ததுபோல் பார்ப்பார்கள். அக்கா லீவு போட்டுப் பக்கத்து மாவட்டத்துக்குப் பஸ் ஏறுவாள். வலியில் துடிக்கிற மனிதனின் குடும்பத்தை இப்படி அலையவிடுவது அநியாயம்.

உங்களிடம் டிரமடால் என்ற இன்னொரு வலிமருந்துக்கு மாற்றலாம் என்று சொன்னால், அதுவும் பெருமளவு இதே நொதியை நம்பித்தான் இருக்கிறது. கோடீன் கேட்கவில்லை என்பதை டாக்டரிடம் தெளிவாகச் சொல்லிவிட்டு, டிரமடாலின் இந்த விஷயத்தையும் கேளுங்கள்.