மூத்த மகளுக்கு ரெட் நோய்க்குறி: அடுத்த கருவைச் சோதிக்க வேண்டுமா?

பெற்றோர் இருவரின் இரத்தத்திலும் மரபணு மாற்றம் இல்லாதபோது கருவைச் சோதிப்பது எதற்கு என்று கேட்டிருக்கிறீர்கள். இதற்கு இவ்வளவு திட்டமாகப் பதில் சொல்ல முடிவதே, குழந்தை நரம்பியல் மருத்துவராக இருந்து மரபியல் ஆய்வுக்கு வந்த ஹூடா சோக்பியின் உழைப்பால்தான்.

முதல் ஆறு மாதங்களேனும் இயல்பாகவே வளர்ந்துவரும் பெண் குழந்தை, கற்ற சொற்களை மறந்து, பொம்மையைப் பிடித்து விளையாடிய கைகளை ஓயாமல் பிசையத் தொடங்குவது ரெட் நோய்க்குறியின் அடையாளம். பெரும்பாலும் குடும்பத்தில் ஒருவருக்கே வருவதால், இதைப் பரம்பரைக் கணக்கில் வைத்துத் தேடுவது எளிதாக இருக்கவில்லை. 1999-இல், ஹூஸ்டனிலுள்ள பேலர் மருத்துவக் கல்லூரியில் சோக்பியின் குழுவினர், எக்ஸ் குரோமோசோமிலுள்ள எம்இசிபி2 மரபணுவின் மாற்றமே காரணம் என்று காட்டினர்.

அம்மாற்றம் பெரும்பாலும் தந்தையின் விந்தணு உருவாகும்போது புதிதாக நேர்வது. ஆகவே அடுத்த குழந்தைக்கும் வரும் வாய்ப்பு மிகக் குறைவு. ஆயினும் பெற்றோரில் ஒருவரின் விந்தணுக்களிலோ கருமுட்டைகளிலோ மட்டும் அது தங்கியிருக்கக்கூடும். இரத்தப் பரிசோதனையில் அது தென்படாது, வழக்கமான ஸ்கேனிலும் தெரியாது. மூத்த மகளின் மரபணு அறிக்கை கையில் இருந்தால், 11-ஆவது வாரத்தையொட்டி நஞ்சுக்கொடித் திசுவிலோ, 15 வாரங்களுக்குப் பின் பனிக்குட நீரிலோ அதே மாற்றத்தைத் தேடலாம். இச்சோதனைகளில் கருச்சிதைவு அபாயம் சிறிதளவு உண்டு என்பதால், கருத்தரிக்கும் முன்பே அந்த அறிக்கையுடன் மரபணு ஆலோசகரைப் பார்த்துவிடுவது நல்லது.