பேங்க் வேலைக்கு எந்தக் கணினி?

கேள்வி: பேங்க் வேலைக்கென்றே தனியாக ஒரு பழைய லேப்டாப் வாங்கப் பார்க்கிறேன். விண்டோஸ் 10, நல்ல கண்டிஷன், விலையும் குறைவு. வாங்கலாமா?

பதில்: தனிக் கணினி என்ற யோசனை நல்லது. அந்த லேப்டாப் வேண்டாம். விண்டோஸ் 10-க்கான ஆதரவை, அதாவது இலவசப் பாதுகாப்பு அப்டேட்டுகளை, மைக்ரோசாஃப்ட் 2025 அக்டோபர் 14-ஆம் தேதியோடு நிறுத்திவிட்டது. நீட்டிப்புத் திட்டம் ஒன்று உண்டு, அதுவும் தற்காலிக ஏற்பாடுதான். ‘விண்டோஸ் 11-க்கு மாற்றிக்கொள்ளலாம்’ என்று விற்பவர் சொல்வார். அதற்கு டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்புச் சிப் வேண்டும், இன்டெல் என்றால் பொதுவாக எட்டாம் தலைமுறை புராசசராவது வேண்டும். அது இல்லாத மெஷின்களைத்தான் பலர் இப்போது மலிவாகத் தள்ளிவிடுகிறார்கள்.

இந்த விஷயத்தில் எனக்கு நெடுநாள் ஆத்திரம் உண்டு. பெட்டியின் மேல் ராம் எவ்வளவு, திரை எத்தனை அங்குலம், எடை எவ்வளவு என்று எல்லாம் அச்சடிக்கிறார்கள். பாதுகாப்பு அப்டேட் எந்தத் தேதி வரை வரும் என்பதை மட்டும் தேடிப்பிடிக்க வேண்டியிருக்கிறது. காலாவதித் தேதி இல்லாத மாத்திரை அட்டையை யாராவது வாங்குவோமா? கூகுளின் குரோம் ஓஎஸ் ஓடும் லேப்டாப்புகள்தான் குரோம்புக்குகள்; 2021 முதல் வெளியானவற்றுக்குப் பத்து வருடம் அப்டேட் வரும் என்று கூகுள் சொல்கிறது. ஆனால் அந்தப் பத்து வருடக் கணக்கு நீங்கள் பணம் கொடுத்த நாளில் தொடங்குவதில்லை. அந்த வகை மெஷின் முதலில் சந்தைக்கு வந்தபோதே தொடங்கிவிடுகிறது. தள்ளுபடியில் நான் வாங்கிய ஒன்றுக்கு, புதுவாசனை போவதற்குள் அப்டேட் நின்றுபோனது. கடையில் கேட்டால், “ஆன் ஆகுதுல்ல சார், அப்புறம் என்ன?” என்றார்கள். அந்தத் தேதி கடைக்காரருக்கும் தெரிந்திருக்க வேண்டும், எனக்கும் சொல்லியிருக்க வேண்டும். எனவே எதை வாங்கினாலும் முதல் கேள்வியாக அப்டேட் தேதியைக் கேளுங்கள். பதில் வராவிட்டால் பணத்தை வெளியே எடுக்காதீர்கள்.

கேள்வி: லேப்டாப்போடு ஒரு ‘பேங்கிங் செக்யூரிட்டி’ பேக்கேஜையும் எடுக்கச் சொல்கிறார்கள். தேவையா?

பதில்: தேவையில்லை. விண்டோஸில் டிஃபெண்டர் என்ற ஆன்டிவைரஸ் கூடவே வருகிறது. அதை அணைக்காமல் வைத்திருங்கள்.

கேள்வி: கிராக் செய்த விண்டோஸ்தான் போட்டிருக்கிறேன். பேங்க் வேலை ஐந்தே நிமிடம். அதற்குள் என்ன ஆகிவிடும்?

பதில்: பாஸ்வேர்டு அடிக்க ஐந்து நிமிடம்கூட ஆகாதே! உள்ளே உட்கார்ந்திருக்கும் திருட்டு மென்பொருளுக்கு அந்த நேரம் தாராளம். கிராக் ஓடுவதற்காக ஆன்டிவைரஸை நீங்களே அணைத்திருப்பீர்கள். அதற்குப் பிறகு பாதுகாப்பு பற்றி என்னிடம் என்ன கேட்கிறீர்கள்? முதலில் அழித்துவிட்டுப் புதிதாக நிறுவுங்கள்.

கேள்வி: முகவரிக்குப் பக்கத்தில் பூட்டுச் சின்னம் இருந்தால் தளம் பாதுகாப்பானதுதானே?

பதில்: இல்லை. உங்களுக்கும் அந்தத் தளத்துக்கும் நடுவே போகிற தகவலை வேறு யாரும் படிக்க முடியாது, அவ்வளவுதான். அந்தத் தளமே திருடனுடையதாக இருக்கலாம். மக்கள் இப்படித் தப்பாக நினைப்பதால்தான் குரோம் 2023-இல் அந்தச் சின்னத்தையே எடுத்துவிட்டது. வங்கி முகவரியைத் தேடலில் போடாதீர்கள். தேடல் முடிவின் மேலே வரும் விளம்பரங்களில் போலிகள் புகுந்துகொள்வதுண்டு. பாஸ்புக்கிலோ கார்டிலோ உள்ள முகவரியை ஒருமுறை கவனமாக அடித்து புக்மார்க் செய்யுங்கள். பாஸ்வேர்டுகளைச் சேமித்துவைத்து அந்தந்தத் தளத்தில் தானே நிரப்பும் பாஸ்வேர்டு மேனேஜர் வைத்துக்கொள்வது இன்னும் நல்லது. ஓர் எழுத்து மாறிய போலித் தளம் நம் கண்ணை ஏமாற்றும், அதை ஏமாற்றாது. வழக்கமாகத் தானே நிரப்பும் கட்டம் காலியாக நின்றால், கையை எடுத்துவிட்டு முகவரியை எழுத்தெழுத்தாகப் படியுங்கள்.

கேள்வி: வங்கியிலிருந்து பேசுவதாகச் சொல்லி அம்மாவை எனிடெஸ்க் (தூரத்திலிருந்தே நம் கணினியை இயக்க உதவும் மென்பொருள்) நிறுவ வைத்துப் பணத்தை எடுத்துவிட்டார்கள். வீட்டில் எல்லாரும் அவரைத் திட்டுகிறார்கள். கணினியை என்ன செய்வது?

பதில்: திட்டுவதை முதலில் நிறுத்தச் சொல்லுங்கள். இதையே தொழிலாகச் செய்கிறவர்கள் அவரைப் பதற வைத்து ஏமாற்றியிருக்கிறார்கள், தப்பு அவர்களுடையது. கணினியின் இணையத்தைத் துண்டியுங்கள். கார்டின் பின்னால் இருக்கும் எண்ணுக்கு இப்போதே அழைத்துக் கணக்கை முடக்கச் சொல்லுங்கள். புகாரை எழுத்தில் கொடுத்துப் பதிவு எண் வாங்குங்கள், போலீசிலும் கொடுங்கள். தாமதித்தால் பணம் கைமாறிக்கொண்டே போகும். மின்னஞ்சல் உட்பட எல்லாப் பாஸ்வேர்டுகளையும் வேறொரு கருவியிலிருந்து மாற்றுங்கள். எனிடெஸ்க்கை நீக்கினால் மட்டும் போதாது, அவர்கள் வேறு எதையும் விட்டுச் சென்றிருக்கலாம். போலீஸ் கணினியைப் பார்க்க வேண்டும் என்றால் அதன் பிறகு, இல்லையென்றால் உடனே, டிஸ்க்கை அழித்து விண்டோஸை மறுபடி நிறுவுங்கள். அம்மாவுக்கு அட்மின் உரிமை இல்லாத தனிக் கணக்கு ஒன்று போட்டுக் கொடுங்கள்.

கேள்வி: புது லேப்டாப் வாங்க வசதியில்லை. பழையதில் லினக்ஸ் போட்டால் ஆகுமா?

பதில்: தாராளமாக. லினக்ஸில் ஒரு வகையான உபுண்டுவின் எல்டிஎஸ் (நீண்டகால ஆதரவு) பதிப்புக்கு வெளியான நாளிலிருந்து ஐந்து வருடம் அப்டேட் வரும். முதலில் யுஎஸ்பியிலிருந்தே ஓட்டி, வைஃபை வேலை செய்கிறதா, உங்கள் வங்கித் தளம் சரியாகத் திறக்கிறதா என்று பாருங்கள், பிறகு நிறுவுங்கள். கூப்பன் தேடித் தரும் எக்ஸ்டென்ஷன் எதையும் அதன் பிரவுசரில் ஏற்றாதீர்கள்.