லண்டன் வெஸ்லி ஆலயத்தின் பழைய ஞானஸ்நானப் பதிவேடுகள் எங்கே இருக்கின்றன?

லண்டன் சிட்டி ரோட்டில் உள்ள வெஸ்லி ஆலயத்தில் 1800-களின் தொடக்கத்து ஞானஸ்நானப் பதிவைத் தேடுகிறேன், ஆலயத்திலேயே கேட்கலாமா என்று கேட்டிருக்கிறீர்கள்.

ஆலயத்துக்குக் கட்டாயம் போய் வாருங்கள். ஆனால் அந்தப் பதிவேடு அங்கே இல்லை. நானும் முதலில் அங்கேதான் போய் நின்றேன்.

மெதடிஸ்ட் என்ற கிறிஸ்தவ இயக்கத்தைத் தொடங்கியவர் ஜான் வெஸ்லி. 1739 முதல் அவருடைய சபை கூடிவந்தது, மூர்ஃபீல்ட்ஸ் பக்கம் பாழடைந்து கிடந்த ஒரு பீரங்கி வார்ப்பாலையில். அதற்குப் பதிலாகத்தான் 1777-இல் சிட்டி ரோட்டில் அடிக்கல் நாட்டினார்கள். அன்று நல்ல மழை. 1778 நவம்பர் 1-ஆம் தேதி ஆலயம் திறக்கப்பட்டது. வெஸ்லி 1791-இல் இறந்தது பக்கத்து வீட்டில். கல்லறை ஆலயத்தின் பின்புறம். தாய் சூசன்னா அடக்கம் செய்யப்பட்டது சாலைக்கு எதிரே பன்ஹில் ஃபீல்ட்ஸில். இதையெல்லாம் ஒரே காலைப்பொழுதில் நடந்தே பார்த்துவிடலாம்.

சரி, பதிவேடு எங்கே போனது? அந்தக் காலத்தில் இங்கிலாந்துத் திருச்சபையின் பதிவுக்கு இருந்த மதிப்பு மற்ற சபைகளின் பதிவுக்கு நீதிமன்றத்தில் இல்லை. சொத்துரிமை வழக்கு என்று வந்தால் மெதடிஸ்ட் குடும்பங்கள் திண்டாடின. 1837-இல் அரசே பிறப்பு, இறப்பைப் பதியத் தொடங்கியபோது இந்தச் சபைகளின் பழைய ஏடுகளையும் கேட்டு வாங்கியது. 1840-இல் வந்த சட்டம் அவற்றைச் சான்றாக ஏற்றது. இன்று அவை லண்டனின் கியூ பகுதியில் உள்ள தேசிய ஆவணக் காப்பகத்தில், ஆர்ஜி 4 (RG 4) என்ற வரிசையில் இருக்கின்றன. படமெடுத்து இணையத்திலும் ஏற்றிவிட்டார்கள்.

அதோடு நின்றுவிடாதீர்கள். 1818-இல் வெஸ்லியன் மெதடிஸ்டுகள் லண்டனில் தங்களுக்கென ஒரு மையப் பதிவகம் தொடங்கி, 10,000-க்கும் மேற்பட்ட பிறப்புகளைப் பதிந்தார்கள். அதன் சான்றிதழ் ஒன்றைத் திரையில் பெரிதாக்கிப் பார்த்தபோது எனக்குக் கண் கலங்கிவிட்டது. குழந்தையின் பெயர், அப்பா பெயர், அம்மா பெயர், அதற்குக் கீழே அம்மாவைப் பெற்றவர்கள் இருவரின் பெயரும் இருந்தன. வம்சாவளி தேடுகிறவர்களுக்குத் தாய்வழிதான் சட்டென்று அறுந்துபோகும். இங்கே ஒரே தாளில் மூன்று தலைமுறை. இந்தச் சான்றிதழ்களும் கியூவில்தான், ஆர்ஜி 5 வரிசையில்.

1837-க்குப் பிந்தையவை வேறு வழி. மெதடிஸ்ட் போதகர் ஓர் ஆலயத்துக்கு மட்டும் உரியவர் அல்ல. பல சபைகள் சேர்ந்த சர்க்யூட்டில் ஊழியம் செய்வார், சில வருடங்களில் மாறியும் போவார். அதனால் ஞானஸ்நானம் ஆலயத்தின் பெயரில் இல்லாமல் சர்க்யூட் ஏட்டில் இருக்கலாம். லண்டன் சர்க்யூட்டுகளின் ஏடுகள் பலவும் லண்டன் ஆவணக் காப்பகத்துக்கு (2024 வரை லண்டன் பெருநகர ஆவணக் காப்பகம் என்று பெயர்) போய்விட்டன.

அப்புறம், வீட்டுப் பழைய பைபிளுக்குள் வசனம் அச்சிட்ட சின்னச் சீட்டு ஏதாவது இருந்தால் பத்திரப்படுத்துங்கள். மெதடிஸ்டுகள் ‘வகுப்பு’ என்ற சிறு குழுக்களாகக் கூடினார்கள்; மூன்று மாதத்துக்கு ஒருமுறை அங்கத்தினருக்குக் கொடுத்த வகுப்புச் சீட்டாக இருக்கும். பெயர் கையால் எழுதியிருக்கும்.

குழந்தை பிறந்த வருடம் தெரிந்தால் கீழே எழுதுங்கள், எந்த வரிசையில் முதலில் தேடலாம் என்று சொல்கிறேன்.