பத்து வருடப் பழைய பெட்ரோல் கார் வாங்கும்போது உண்மையான மைலேஜைக் கண்டுபிடிப்பது எப்படி?

டிஸ்பிளே காட்டும் மைலேஜை நம்பாதீர்கள். பாளையங்கோட்டையில் டேங்க் நிரப்பி, பம்ப் தானாக நின்றதும் போதும் என்று சொல்லிவிடுங்கள். நாகர்கோவில் போய்த் திரும்பினால் ஏறக்குறைய 160 கி.மீ. (வண்டியைத் தனியாகத் தரத் தயங்கினால் ஓனரையே ஓட்டச் சொல்லி உடன் போங்கள்.) அதே பங்க், அதே பம்பில் மறுபடி நிரப்புங்கள். 10 லிட்டர் பிடித்தால் மைலேஜ் 16. ஒருவழிக் கணக்கு உதவாது; ஆனி, ஆடியில் வழியிலுள்ள ஆரல்வாய்மொழிக் கணவாய்க் காற்று போகும்போது எதிர்க்கும், வரும்போது தள்ளும்.

இறங்கியதும் வீல்களுக்குப் பக்கத்தில் கையை நீட்டிப் பாருங்கள். ஒன்று மட்டும் அனலடித்தால் பிரேக் விடாமல் பிடித்து மைலேஜைக் குறைக்கிறது.

டெம்பரேச்சர் முள் நடுவுக்கே வரவில்லையா? நம்மூர் வெயிலுக்குப் பயந்து தெர்மோஸ்டாட்டை (இன்ஜின் சூட்டைச் சீராக வைக்கும் வால்வு) கழற்றிப் போட்டிருப்பார்கள். இன்ஜின் போதிய சூடு ஏறாததால் பெட்ரோல் கூடுதலாகவே போய்க்கொண்டிருக்கும். புதிது மாட்டும் செலவை விலையில் கழிக்கச் சொல்லுங்கள்.